யூஎஸ்பி மைக்ராஸ்கோப்: கீழாநெல்லி விதை பாக்க இது போதும்

ஆன்லைன்ல கெடைக்குதே அந்த பிராண்டே இல்லாத யூஎஸ்பி மைக்ராஸ்கோப், நான் வாங்கினது கீழாநெல்லிக்காகத்தான். நாட்டு மருந்துக்கடைல கீழாநெல்லின்னு கேட்டா கட்டுக்குள்ள அசல் கீழாநெல்லியான ஃபில்லாந்தஸ் அமாரஸ் மட்டும்தான் இருக்கும்னு சொல்ல முடியாது, கூடவே அதே ஃபில்லாந்தஸ் வகைச் செடிகளான யூரினேரியா, டெபிலிஸ், மேலாநெல்லி எல்லாம் கலந்து வருது, காஞ்சுட்டா வெறுங்கண்ணுல பிரிக்கிறது ரொம்ப கஷ்டம். காமாலைக்குன்னு நம்பி வாங்குற மூலிகைங்க, எது உள்ள போகுதுன்னு தெரிய வேண்டாமா.

இங்க விதைதான் காட்டிக்கொடுக்கும். ஒரு காயை உடைச்சா ஆறு விதை, ஒவ்வொண்ணும் ஆரஞ்சுச் சுளை ஷேப்ல ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அமாரஸ்னா முதுகுல கோடு நீளவாக்குல ஓடும், யூரினேரியான்னா குறுக்கால வரிவரியா இருக்கும், மேலாநெல்லின்னா பொடிப்பொடியா புள்ளி வரிசை. இது மூணும் இந்த மைக்ராஸ்கோப்புல சூப்பரா தெரியுது. ஆனா ஒண்ணு, அதுலயே இருக்கிற எல்இடிய ஃபுல்லா வச்சா விதை பளபளன்னு அடிச்சு கோடே மறைஞ்சுடும், அத நல்லா கொறச்சுட்டு டார்ச்ச பக்கவாட்டுல தாழ்வா பிடிங்க, நிழல் விழுந்து வரி தனியா எழும்பி நிக்கும்.

டெபிலிஸுக்கும் நீளக்கோடுதான், அதனால விதைய மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. பூ கெடைச்சா இதழ் எண்ணுங்க, அமாரஸுக்கு 5, டெபிலிஸுக்கு 6. காஞ்ச பூவ வெந்நீர்ல கொஞ்ச நேரம் ஊறவச்சா விரியும்.

டப்பால 1000எக்ஸ்னு போட்டிருக்கான், அதெல்லாம் நம்பாதீங்க, பெரும்பாலும் ஸ்க்ரீன்ல பெருசாக்கி காட்டுறதுதான். இலைத்துளை பாக்கணும்னா இலைல நெயில்பாலிஷ் தடவி காய விட்டு செலோடேப்பால உரிச்சு காலேஜ் லேப்ல இருக்கிற காம்பவுண்ட் மைக்ராஸ்கோப்புல 400 மடங்குல வச்சுத்தான் பாக்கணும், இதுல முடியாது. சூரணமா அரைச்சு விக்கிறதையும் இதால கண்டுபிடிக்க முடியாது, அதனால முழுச்செடியா காயோட இருக்கிறதயே கேட்டு வாங்குங்க.

கூட வர்ற பிளாஸ்டிக் ஸ்டாண்ட் தொட்டாலே ஆடுது, ஃபோகஸ் போயிடும். இரும்பு ஸ்டாண்ட் இருக்கிற மாடலா பாத்து எடுங்க, உங்க ஃபோன்ல ஓடிஜி (யூஎஸ்பி கருவிய ஃபோன்லயே சொருகிப் பாக்குற வசதி) வேலை செய்யுதான்னும் முதல்லயே பாத்துக்கோங்க. சித்தா, பாட்டனி படிக்கிற பிள்ளைங்களுக்கு தாராளமா வாங்கிக்கொடுக்கலாம்.