டிக்கா டி3எக்ஸ் லைட்: எடை குறைந்த ரைஃபிள் யாருக்கு?

ஃபின்லாந்தின் சாக்கோ ஆலையில் தயாராகும் இந்த வேட்டை ரைஃபிள் வெறுமையாகச் சுமார் 2.9 கிலோ. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), அதைப் பொருத்தும் மவுண்ட், தோளில் மாட்டும் வார், தோட்டா எல்லாம் ஏறினால் மூன்றரையைத் தாண்டிவிடும். கடையில் தூக்கிப் பார்த்து மயங்க வேண்டாம்.

கொலராடோவில் எல்க் மான் தேடி 3,000 மீட்டர் உயரத்தில் நாள் முழுக்க ஏறுபவருக்கு இது பொருத்தம். ஆனால் உதை கூடும். அதே தோட்டாவுக்குத் துப்பாக்கியின் எடை 4.5 கிலோவிலிருந்து 3 கிலோவானால், பின்னுதைப்பின் ஆற்றல் ஒன்றரை மடங்காகிறது. .308 வின்செஸ்டர் தோட்டாவில் சமாளிக்கலாம். அதைவிட வலுவான .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா என்றால், உதைக்குப் பயந்து ட்ரிகரை வெடுக்கென்று இழுத்துவிடுவோம், குண்டு விலகும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே 9 செ.மீ. விடாவிட்டால் புருவம் கிழியும்.

மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறும். ஜீரோ செய்யும்போது, அதாவது ஸ்கோப்பின் குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்யும்போது, மூன்று குண்டு சுட்டதும் நிறுத்தி, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். மூச்சிரைப்பில் இலேசான முனை அலைபாயும். முதுகுப்பை மேல் சாத்தி, முன்கட்டையை அழுத்திப் பிடித்தே சுட வேண்டும். ட்ரிகரின் இழுவையைத் திருகால் குறைத்துக்கொள்ளலாம், அது பெரிய உதவி. பிளாஸ்டிக் மேகசின் பார்க்கத்தான் மலிவு.

பரணில் உட்கார்ந்து காத்திருப்பவர் இதை வாங்குவானேன்? கனமான குழலுள்ள வார்மின்ட் மாடலே அவருக்குச் சரி.