40 வயசு தாண்டின அணு உலை: மூடுறதா, லைசன்ஸ நீட்டுறதா, உள்ளுக்க இருக்கிறத மாத்துறதா?

களுவாஞ்சிக்குடிப் பக்கம் எங்கட மாமாட அரிசி மில்லுல உமி போட்டு எரிக்கிற ஒரு பொயிலர் நிக்குது, என்னை விட அதுக்கு வயசு கூட. போன மாசம் கழட்டிப் பார்க்கேக்க டியூபுக்கு மேல சுண்ணாம்பு மாதிரிச் செதில், விரலால சுரண்டினா கழண்டு விழுது, ரெண்டு டியூபுல ஊசிக்கண் அளவுக்கு ஓட்டை. மாமா கேட்டார், "மருமகன், இது இன்னும் ஓடுமா, பழைய இரும்புக்குக் குடுப்பமா?" டியூப மாத்தலாம் மாமா, ஷெல்ல, அதாவது வெளிக்கூட்ட, மாத்த ஏலாது, முதல்ல ஷெல்லப் பார்ப்பம் எண்டு சொன்னன்.

பழைய அணு உலைகளப் பத்தி உலகத்துல நடக்கிற சண்டையும் கிட்டத்தட்ட இதுதான். நம்மட இலங்கையிலயும் அணு மின்சாரம் வேணுமா எண்டு பேச்சு வாற காலம், அதால இந்த மூணு வழியையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பார்ப்பம்.

மூடுறதுதான் கேக்கச் சுகமான வழி. ஜேர்மனி 2023 ஏப்ரல் 15 கடைசி மூணு உலையையும் நிப்பாட்டிட்டு, அதுல ஒண்டு இசார் 2, 1988ல வந்தது, 40 கூட ஆகல்ல, அங்க முடிவெடுத்தது அரசியல், இரும்பு இல்ல. நியூயோர்க்குக்குக் கிட்ட இருந்த இந்தியன் பொயிண்ட 2021ல மூட, அந்த இடத்தக் கூடுதலா கேஸ்தான் நிரப்பின. சுவிட்ச ஓஃப் பண்ணினதோட வேலையும் முடியாது, எரிஞ்ச எரிபொருள வருஷக்கணக்கா தண்ணிக்குள்ள வெச்சுக் குளிராக்கணும். மில்ல மூடினாலும் வாச்சருக்குச் சம்பளம் குடுக்கத்தானே வேணும்.

லைசன்ஸ நீட்டுறது அமெரிக்காட வழி. அங்க முதல் லைசன்ஸ் 40 வருஷம், ஆனா அந்த 40 இரும்பச் சோதிச்சு வந்த கணக்கு இல்ல, போட்ட காசு திரும்பி வாற கணக்கப் பார்த்து வெச்சது. பிறகு 20 கூட்டி 60, 2019 டிசம்பர்ல ஃபுளோரிடாட டர்கி பொயிண்டுக்கு முதன்முதலா 80 வரைக்கும் அனுமதி குடுத்தாங்க. செலவு குறைவு, மின்சாரம் நிக்காது, 1980 அளவுல வருஷத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல ஓடின உலைகள் இப்ப 90 வீதத்துக்கு மேல ஓடுது. ஆனா இங்கதான் ஷெல் பிரச்சினை வருது. உலை இருக்கிற பிரஷர் வெசல் ஒரு சாண் தடிப்பான உருக்கு, அதை மாத்த ஏலாது, அணு பிளக்கேக்க பறக்கிற நியூட்ரோன் துகள் அடிச்சு அடிச்சு உருக்கு நொறுங்குற குணத்துக்கு வரும், வெல்டிங்குல செம்பு கூட இருந்தா இன்னும் கெதியா வரும், அவசரத்துக்குப் பச்சத்தண்ணி உள்ள பாய்ஞ்சா வெசல் விரிசல் விட்டுப் பிளக்கிற பயம். அதுக்காக அதே உருக்குல சின்னத் துண்டுகள வெசலுக்குள்ளேயே தொங்க விட்டு, இடைக்கிடை எடுத்து அடிச்சு உடைச்சுப் பார்க்கிறாங்க. எனக்குப் பிடிச்ச வேலை இது, சோறு வெந்துட்டா எண்டு ஒரு பருக்கைய நசுக்கிப் பார்க்கிற மாதிரி.

ஆனா பார்க்கிற ஆள் பார்க்கணும். ஒஹாயோவுல டேவிஸ்-பெஸ்ஸே உலை, 2002ல அதுக்கு 24 வயசுதான். வெசல் மூடியில விரிசலால ஒழுகின, குளிராக்கிற தண்ணியில கலந்திருக்கிற போரிக் அமிலம் 16 சென்டிமீட்டர் உருக்கத் திண்டு, ஒரு சென்டிமீட்டரும் இல்லாத உள்தகடு மட்டும் பிரஷரத் தாங்கிக்கொண்டு நிண்டிருக்கு. அதுக்கு முன்னால மாசக்கணக்கா காத்து ஃபில்டர்ல துரு அடைக்க, இவங்க ஃபில்டர மாத்தி மாத்திப் போட்டுக்கொண்டு இருந்திருக்காங்க. துரு எங்கயிருந்து வருது எண்டு ஒருத்தனும் விடாம நிண்டு கேக்கல்ல.

மூணாவது, உள்ளுக்க இருக்கிறதக் கழட்டிப் புதுசு போடுறது. இதுக்கு ஏத்தது கனடாட கண்டு (CANDU) வகை உலை, ஏனெண்டா அதுல பெரிய வெசலுக்குப் பதிலா நூத்துக்கணக்குல டியூப். ரொறன்ரோவுக்குக் கிழக்கால டார்லிங்டன்ல, ஸ்காபரோவுல இருக்கிற எங்கட ஆக்களுக்கும் கரண்ட் குடுக்கிற இடம், நாலு உலை, ஒவ்வொண்டுலயும் 480 டியூப், 2016ல தொடங்கி ஒவ்வொண்டா நிப்பாட்டி மாத்தினாங்க, பட்ஜெட் 12.8 பில்லியன் கனடா டொலர். இடத்துல பழகப்படாது எண்டு உலைய அப்படியே அசல் அளவுல ஒரு மொடல் கட்டி அதுல பழகித்தான் உள்ளுக்குப் போனாங்க. பக்கத்து பிக்கரிங்ல 1983ல ஒரு டியூப் வெடிச்சுப் பிளந்த அனுபவம் இருக்கு, அதால பயம் படிச்ச ஆக்கள்.

புதுசு எண்டா பிரச்சினை இல்ல எண்டும் சொல்லேலாது. கலிஃபோர்னியாட சான் ஒனோஃப்ரேல உலைச் சூட்டால நீராவி ஆக்கிற ஸ்டீம் ஜெனரேட்டரப் புதுசா மாத்தி ரெண்டு வருஷம் போகல்ல, உள்ளுக்க டியூபுகள் அதிர்ந்து ஒண்டோட ஒண்டு உரசித் தேய்ஞ்சு 2012 ஜனவரில ஒழுக்கு, அடுத்த வருஷம் நிலையமே மூட்டு. பழசு நல்லாத்தான் ஓடின எண்டு இல்ல, ஆனா புதுசு அதை விடக் கெதியாத் தேய்ஞ்சிட்டு.

இன்னொண்டு, நாவலடி, கல்முனை ஆக்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்ல. 2004 டிசம்பர் 26 நம்மள அடிச்ச அதே அலை தமிழ்நாட்டுக் கல்பாக்கம் அணு மின் நிலையத்துக்கும் போன, கடல் தண்ணி பம்ப் அறைக்குள்ள வர, ஓடிக்கொண்டிருந்த உலைய நிப்பாட்டினாங்க, பெரிசா ஒண்டும் நடக்கல்ல. ஜப்பான்ட ஃபுகுஷிமாட 1ஆம் உலை 1971ல வந்தது, 40 முடியிற நேரம் 2011 பெப்ரவரில இன்னும் 10 வருஷம் ஓட அனுமதி குடுத்தாங்க, மார்ச் 11 அலை வந்து கரண்ட் போனா உலையக் குளிராக்க வெச்சிருந்த, நிலவறையில இருந்த டீசல் ஜெனரேட்டர்கள மூடிட்டு. உலை பழசு எண்டதால இல்ல, டீசல் பள்ளத்துல நிண்டதால. லைசன்ஸ் நீட்டுற ஆக்கள் பைப்பப் பார்த்தாங்க, பள்ளத்தப் பார்க்கல்ல.

என்னட்டக் கேட்டா டியூப் வகை உலைக்கு மாத்துறதுதான் முதல் தெரிவு, வெசல் வகைக்கு அந்தத் துண்டுகளட சோதனை ரிசல்ட்டக் காட்டினா நீட்டலாம், காட்ட மாட்டம் எண்டா 30 வயசானாலும் மூடணும். மாமாட பொயிலருக்கு வாற கிழமை டியூப் வருது. ஷெல்லச் சுத்தியலால தட்டிப் பார்த்தன், அடியில ஒரு இடத்துல மட்டும் சத்தம் வேற மாதிரிக் கேக்குது, அதை அளக்காம நெருப்பு வைக்கப்படாது எண்டு சொல்லிட்டன். மாமாக்குக் கோவம்.