மடக்கும் போலராய்டு: கைச்சக்கரமா, சோனாரா, 680-ஆ?

எட்வின் லேண்டின் போலராய்டு நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த எஸ்எக்ஸ்-70, எடுத்த படத்தை உடனே வெளியே தரும் கேமரா; மடித்தால் ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமன்தான். மேலே இருக்கும் வியூஃபைண்டர் மேட்டைப் பிடித்து நேராகத் தூக்கினால், பக்கத்துத் தாங்கி ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும், தட்டையாகக் கிடந்தது முழு கேமராவாகி நிற்கும். இந்த வகையில் பழைய கேமரா ஒன்று வாங்க நினைப்பவர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்: கையால் ஃபோகஸ் செய்யும் மூல மாடல், 1978-இல் வந்த சோனார் மாடல், 1982-இல் வந்த எஸ்எல்ஆர் 680.

மூன்றிலும் இருப்பது ஒரே 116 மி.மீ. கண்ணாடி லென்ஸ்தான். மூன்றிலும் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம், 26 செ.மீ. வரை நெருங்கலாம். ஃபோகஸ் செய்யும் முறையும் ஃபிலிமின் வேகமும் (ஒளியை உணரும் திறன்)தான் வேறு.

எனக்குப் பிடித்தது மூல மாடல். விரலால் சின்னச் சக்கரத்தைத் திருப்பத் திருப்ப, மங்கலாக இருந்த முகம் மெல்லத் தெளியும். மிக ஆரம்பத்தில் வந்தவற்றைத் தவிர்த்து, நடுவில் பிளவு வட்டம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வட்டத்துக்குள் உடைந்து தெரியும் கோடு ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ் சரி. ஒரு பெட்டியில் 8 படம்தான். அப்படியிருக்க, எது தெளிவாக விழ வேண்டும் என்று நானே முடிவுசெய்வது எனக்கு முக்கியம். பூவின் முன்னிதழா, உள்ளிருக்கும் மகரந்தமா என்பதை இயந்திரத்திடம் விட எனக்கு மனம் வராது.

சோனார் மாடல் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கும். ஓடும் குழந்தையைப் பிடிக்க இது நல்லது, கண்பார்வை மங்கியவர்களுக்கும் பெரிய உதவி. ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியே எடுத்தால் ஒலி கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பிவிடும். வெளியே இருக்கும் மரம் மங்கிவிடும். அந்த நேரத்தில் கைச்சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்தான். அப்படி அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தால் மூல மாடலே போதுமே? மேலே ஒட்டியிருக்கும் சோனார் வட்டத்தால் மடித்த பிறகும் அது பருமனாக இருக்கும்.

வீட்டுக்குள் மனிதர்களை எடுக்கப்போகிறீர்கள் என்றால், தயங்காமல் 680. எஸ்எக்ஸ்-70 ஃபிலிமின் வேகம் ஏறக்குறைய 160 ஐஎஸ்ஓ. லென்ஸின் திறப்போ எஃப்/8, அதாவது சிறியது. அறை வெளிச்சத்தில் ஷட்டர் நீண்ட நேரம் திறந்தே நிற்கும். ஒரு பிறந்தநாளன்று மூல மாடலில் நான் எடுத்த ஐந்து படங்களில் நான்கு, கை ஆடியதால் கலங்கிப்போயின. இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான். 680 எடுத்துக்கொள்வது 600 ஃபிலிம், சுமார் 640 ஐஎஸ்ஓ, அதாவது நான்கு மடங்கு வேகம். சோனாரும் கூடவே பொருத்திய ஃபிளாஷும் இருக்கின்றன.

‘600 ஃபிலிமை எஸ்எக்ஸ்-70-இல் போட்டால் என்ன?’ என்று தோன்றும். படம் வெளுத்துவிடும். ஒளியைக் குறைக்கும் ஃபில்டர் போட்டால் சரியாகும், ஆனால் கூடுதல் வேகத்தின் பலனும் அதோடு போய்விடும்.

அப்புறம், மூன்றுக்கும் பொதுவான சில பழக்கங்கள். படம் வெளியே வரும் வழியை விரலால் மறைக்காதீர்கள். வந்ததும் வெளிச்சம் படாமல் கவிழ்த்து வையுங்கள், உதற வேண்டாம். கலர் படம் முழுதாகத் தெரியக் கால் மணி நேரம் ஆகும். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நிறம் சரியாக வராது, 28-ஐத் தாண்டினால் மஞ்சளோ சிவப்போ ஏறும். ஒவ்வொரு பெட்டி போடும்போதும், படத்தை அழுத்தி வெளியே தள்ளும் ரோலர்களை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். அங்கே காய்ந்த ரசாயனம்தான் படத்தில் புள்ளியாக விழும். மடிக்கும்போது தாங்கியை விடுவித்த பிறகே அழுத்த வேண்டும். மோட்டார் பாதியில் நின்றிருந்தால் அழுத்தவே கூடாது. மீதிப் படங்களைக் காட்டும் எண்ணிக்கை காட்டி, ஒரு பெட்டியில் 10 படம் இருந்த காலத்தது, அதனால் இப்போது ‘2’ வந்தாலே ஃபிலிம் தீர்ந்தது என்று பொருள்.

கேமராவுக்குத் தனி பேட்டரி கிடையாது, மின்சாரம் ஃபிலிம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. படம் தீர்ந்த பெட்டியிலும் பெரும்பாலும் கொஞ்சம் சார்ஜ் மிஞ்சும். பழைய கேமரா வாங்கப் போகும்போது அப்படி ஒரு காலிப் பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே போட்டுக் கதவை மூடியதும் மோட்டார் சுழல வேண்டும், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஷட்டர் இயங்க வேண்டும்.