‘வைரஸ் போர்டையே அடிச்சிருச்சு’ என்று சொல்லும் லேப்டாப் கடைகள்: சேலத்துக்காரர்கள் கவனத்துக்கு

சேலத்தில் லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் என் தம்பிக்கு நடந்தது இது.

தம்பி சிவதாபுரத்தில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். யாருக்கு எவ்வளவு வெள்ளி எடை போட்டுக் கொடுத்தது, எவ்வளவு கொலுசாகத் திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி பாக்கி எவ்வளவு, எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். ஒரு நாள் காலை ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருகிறது, புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, அப்புறம் திரை கறுத்துவிடுகிறது. மெயிலில் வந்த ஏதோ ஒரு ஃபைலைப் பட்டறைப் பையன் முந்தின நாள் திறந்திருந்ததால், வைரஸாக இருக்குமோ என்று சந்தேகம்.

கடைக்காரர் அதைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார். “வைரஸ் போர்டையே அடிச்சிருச்சுண்ணா. டிஸ்க்கும் போச்சு, டேட்டா எதுவும் வராது.” போர்டு (லேப்டாப்புக்குள் எல்லாப் பாகமும் பொருந்தியிருக்கும் முக்கியத் தகடு) சர்வீஸ், புது டிஸ்க், விண்டோஸ் என்று மொத்தம் 9,500 ரூபாய். பழைய டிஸ்க்கைக் கேட்டதற்கு, ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார். பில் கேட்டதற்கு ‘சர்வீஸ்’ என்று மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

வீட்டுக்கு வந்து பார்த்தால் 16 ஜிபி ரேம் இருந்த இடத்தில் 8 ஜிபி. 512 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் இருந்த இடத்தில் பெயரே கேள்விப்படாத ஒரு 256 ஜிபி.

நல்லவேளை, கொடுப்பதற்கு முன்னால் தம்பி பயாஸ் திரையை (விண்டோஸ் வருவதற்கு முன் லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருளின் திரை) திறந்து போனில் படம் எடுத்து வைத்திருந்தான். விண்டோஸ் வராவிட்டாலும் பயாஸ் திறக்கும். ஆன் செய்தவுடன் எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பல லேப்டாப்களில் வந்துவிடும். சிலவற்றில் எஃப்10 அல்லது டெலீட். ரேம் எவ்வளவு, டிஸ்க் என்ன மாடல் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரியும். எங்கள் கையில் இருந்த ஒரே ஆதாரம் அந்தப் படமும் வாங்கின கடையின் பில்லும்தான்.

வைரஸால் போர்டு கெடவே கெடாதா? 1998-இல் வந்த சிஐஎச் என்ற வைரஸ், விண்டோஸ் 95, 98 கம்ப்யூட்டர்களில் பயாஸ் சிப்பில் இருந்ததையே அழித்தது உண்மை. 2018-இல் லோஜாக்ஸ் என்ற ஒன்று போர்டு சிப்பில் இருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்குள்ளேயே போய் உட்கார்ந்ததும் உண்மை. ஆனால் இதெல்லாம் அபூர்வம். லோகோ வந்து, பயாஸ் திறந்து, அதில் டிஸ்க்கின் பெயரும் தெரிகிற லேப்டாப்பைப் பார்த்து, திறந்து சோதிக்காமலேயே போர்டும் டிஸ்க்கும் போச்சு என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். தகராறு பெரும்பாலும் விண்டோஸில்தான் இருக்கும். இரண்டு மூன்று தடவை துவங்காமல் போனால் விண்டோஸே ரிப்பேர் திரையைக் காட்டும். அதில் சேஃப் மோடு, ஸ்டார்ட்டப் ரிப்பேர் இரண்டையும் முயன்று பார்த்தீர்களா என்று கடைக்காரரைக் கேளுங்கள். எங்கள் விஷயத்தில் அதைக்கூடச் செய்யவில்லை.

படத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் போனோம். முதலில் “இப்படித்தான் வந்துச்சுக்கா” என்று சாதித்தார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியப் போகிறோம், பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம் என்று சொன்ன பிறகு, ஸ்கிராப்பில் போன டிஸ்க் உள் அறையிலிருந்து வந்தது. ரேம் மட்டும் இன்னும் வரவில்லை.

அஸ்தம்பட்டியில் தெரிந்த ஒருவர் அந்த டிஸ்க்கை, வெளியிலிருந்து இணைக்க உதவும் யுஎஸ்பி கேஸில் போட்டு, தன் கம்ப்யூட்டரில் முழுதாக ஸ்கேன் செய்தார். கணக்கு முழுக்க அப்படியே இருந்தது. வைரஸ் எதுவும் சிக்கவில்லை. விண்டோஸ் துவங்குவதற்கான ஃபைல்கள்தான் கெட்டிருந்தன. கடையில் போட்டுக் கொடுத்த ‘புது’ விண்டோஸில்தான் பிரச்சினை இருந்தது. காசு கட்டாத விண்டோஸை அசல் போலக் காட்டும் திருட்டு ஆக்டிவேட்டர் போட்டு, அது பிடிபடாமல் இருக்க சி டிரைவ் முழுவதையும் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் பார்க்காதபடி விலக்கி வைத்திருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு, வைரஸ் நுழையக் கதவைத் திறந்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கடையில் விண்டோஸ் போட்டு வாங்கியவர்கள் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ (ஸ்கேன் செய்யாமல் விலக்கியவை) பகுதியை இன்றைக்கே பாருங்கள்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை, அந்த டிஸ்க்கில் இருந்த பட்டறை ஆட்களின் ஆதார் நகல்களும் பேங்க் விவரங்களும். அது கடையில் கிடந்த நாட்களில் யார் பார்த்தார்கள், நகல் எடுத்தார்களா, யாருக்குத் தெரியும்? அவர்களை எல்லாம் உட்காரவைத்து, ஓடிபி கேட்டு யார் பேசினாலும் சொல்லாதீர்கள், பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.

நீங்கள் கொடுக்கும்போது ரேம் அளவு, டிஸ்க் மாடல், சீரியல் எண் எல்லாவற்றையும் ஜாப் ஷீட்டில் (ரிப்பேருக்கு எடுத்ததற்குக் கடை தரும் சீட்டு) எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ‘கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்’ என்றும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள். முடிந்தால் கொடுப்பதற்கு முன்பே டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். போர்டு வேலைக்கு அது தேவையில்லை. விண்டோஸ் 11 என்றால் டிஸ்க், பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டால் பூட்டியிருக்கலாம். அதைத் திறக்கும் 48 இலக்க எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1915-இல் புகார் பதிந்துவிட்டோம். கடைக்காரர் ரேமையும் பணத்தையும் தராவிட்டால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போகலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. இதே மாதிரி சிக்கியவர்கள் துண்டுச் சீட்டாக இருந்தாலும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.