ஆறு வருஷத்துக்கு முந்தைய பிராட்பேண்ட் பாக்கி என்று போன் வந்தால்

2019 ஜூலையில் தாம்பரத்தில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோவைக்கு வந்தோம். கிளம்புவதற்கு முன்பே பிராட்பேண்ட் இணைப்பை ரத்து செய்யச் சொல்லி, கடைசி பில்லையும் கட்டி, வீட்டுக்கு வந்த பையனிடம் மோடத்தையும் ஒப்படைத்தாயிற்று. ரசீது கேட்டேன். "சிஸ்டத்துல ஏத்திடுவேன் சார்" என்றான். வாசலில் சாமான் வண்டி நின்றுகொண்டிருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

2025 ஜனவரியில் ஒரு போன். "லீகல் டிபார்ட்மெண்ட்ல இருந்து பேசுறோம் சார், 4,857 ரூபாய் பாக்கி இருக்கு." அன்றைக்கு மட்டும் ஆறு முறை. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் தராசுப் படம் போட்ட நோட்டீஸ்: லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், ஆஜராக வேண்டுமாம். என் பெயரிலேயே எழுத்துப்பிழை. வக்கீல் கையெழுத்து என்று ஒரு கிறுக்கல்; பதிவு எண் கிடையாது. இதையெல்லாம் அன்றைக்கு எங்கே பார்த்தேன்? வீட்டுக் கடனுக்கு அப்போதுதான் விண்ணப்பித்திருந்தேன். கடன் கொடுக்கும் முன் வங்கி பார்க்கிற மதிப்பெண்தான் சிபில். "சிபில் போயிடும் சார்" என்றதும் கை நடுங்கிவிட்டது. 2,000 கொடுத்தால் செட்டில்மென்ட் என்றார்கள். ஜிபேயில் அனுப்பினேன். பணம் போனது ஏதோ ஒரு தனி ஆளின் பெயருக்கு. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

மே மாதம் வேறொரு வசூல் ஏஜென்சி. அதே 4,857. "ஏற்கெனவே கட்டிட்டேனே" என்றால், "எங்க சிஸ்டத்துல இல்ல சார்". மறுபடியும் அதே சிஸ்டம்!

அப்புறம்தான் புத்தி வந்தது. ஏஜென்சிக்காரர்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்கினேன். பில் விவரத்தைக் கேட்டதும்தான் விஷயம் வெளியே வந்தது: திரும்பி வராத மோடத்துக்கு 2,500, ரத்து செய்யச் சொன்ன பிறகும் ஓடிய இரண்டு மாத வாடகை 2,357. "ஏங்க, மோடத்தை வாங்கிட்டுப் போனப்ப அந்தப் பையன் உங்களுக்கு மெசேஜ் போட்டானே" என்றாள் மனைவி. பழைய போனைத் தேடி எடுத்து சார்ஜ் போட்டால், 'மோடம் கலெக்டட் சார்' என்று தேதியோடு இருக்கிறது.

மையத்தில் கொடுத்த பதில் மழுப்பலாக இருந்ததால், அந்தச் செய்தியின் படத்தை இணைத்து மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனத்திலும் இப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 ஒழுங்குமுறை. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேராக எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்குத் தடையில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னது இன்னும் வயிற்றெரிச்சல். இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட காலவரம்பு மூன்று வருஷம். கொரோனா காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை காலவரம்புக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் விட்டுவிட்ட நாட்களைக் கூட்டினாலும், முதல் போன் வரும் முன்பே என் கணக்கு காலாவதி. ஆனால் "கட்டிவிடுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் செத்த கடனுக்கும் உயிர் வந்துவிடுமாம். நல்லவேளை, நான் எதுவும் எழுதித் தரவில்லை. லோக் அதாலத் நோட்டீஸ் உண்மையாகவே வந்திருந்தாலும், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் அங்கே சமரசம்.

சிபில் பயமும் சும்மாதான். தொலைபேசி பாக்கி சிபில் அறிக்கையில் ஏறக்கூடியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகவே அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். எடுத்தேன், இந்தப் பாக்கி அதில் இல்லவே இல்லை. பணம் அனுப்புவதற்கு முன்பு பார்த்திருந்தால் 2,000 மிஞ்சியிருக்கும்.

மேல்முறையீட்டில் 4,857-ஐ ரத்து செய்து 'நோ டியூ' சான்றிதழ் அனுப்பினார்கள். அந்த 2,000-க்கு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார் பதிந்திருக்கிறேன்; இதுவரை பைசா வரவில்லை. சான்றிதழை மனைவி லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள்.