புல்லட்டில் எலக்ட்ரானிக் இக்னிஷன்: சிறுமலை ஏற்றத்தில் ஓட்டையான பிஸ்டன்

மதுரையில் பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாயிண்டை (ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் சின்ன ஸ்விட்ச்சை) தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டலாம் என்று யோசிப்பவர்கள் அவசியம் படியுங்கள். ஏற்கெனவே மாட்டிவிட்டு, "வண்டி நல்லாத்தான் ஓடுது, மேட்டுல மட்டும் ஒரு சத்தம்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே படியுங்கள்.

என்னுடையது அப்பா 1984-இல் வாங்கிய வண்டி. வார்ப்பிரும்பு இன்ஜின், 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 ஸ்ட்ரோக். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அமுக்கி, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளி, அப்புறம் முழு மிதி. அப்பா எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். பாயிண்ட் திறக்கும்போதுதான் அந்த முள் நடுவுக்கு வரும் என்பதும் அவர் சொன்னதுதான். 40 வருடம் அந்த வண்டி எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி இருந்தது.

பாயிண்ட் அடிக்கடி கருகியது. கண்டன்சர் மாற்றினாலும் நிற்கவில்லை. மாதம் ஒருமுறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடைவெளியை 0.35-க்கும் 0.40-க்கும் நடுவில் வைத்து அலுத்துப்போனேன். அப்போதுதான் ஊருக்குள் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வாசலில் வரிசையாகப் புல்லட் நிற்கும், பார்த்தாலே நம்பிக்கை வரும் இடம்.

"பாயிண்ட்டே வேணாம்ணே. எலக்ட்ரானிக் போட்டு விட்ருவோம். இனி இந்த மூடிய நீங்க தெறக்கவே வேணாம்" என்றார்.

கிட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து 8,500 ரூபாய். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த பில்லில் "மெஷின் டைமிங் செட்டிங் – 500" என்று தனியாக ஒரு வரி, ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை மெஷின் வைத்துச் சரிசெய்ததற்கு. அந்த வரியைப் பார்த்து எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

வண்டி முதல் மிதியில் கிளம்பியது. ஐட்லிங் அவ்வளவு அழகு, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. பக்கத்தில் நின்றவர்களும் தலையாட்டினார்கள். நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். இந்தக் கோளாறு ஐட்லிங்கில் தெரியவே தெரியாது.

நான்கு நாள் கழித்து நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் 65-இல் போகும்போது சத்தம் வந்தது. எவர்சில்வர் டப்பாவில் கொஞ்சம் உளுந்தைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. ஆக்சிலேட்டரை விட்டால் நின்றுவிடும், முறுக்கினால் திரும்ப வரும். நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் சீராக எரியாமல் வெடிக்கிற சத்தம் என்று தெரிந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்கே போனேன்.

"பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்கள்லண்ணே, இப்ப எல்லா வண்டியிலயும் இது இருக்கு" என்றார். அன்றைக்கு நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன். ஆனால் இந்த விஷயத்தில் எத்தனாலைக் குறை சொல்ல முடியாது. அதன் ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறன், பெட்ரோலைவிட அதிகம், நாக்கிங்கை அது தடுக்கத்தான் செய்யும். பழைய வண்டியின் ரப்பரை அரிக்கலாம், பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கொஞ்சம் மெலிதாக்கலாம், அது வேறு சங்கதி. இது தெரியாததால் கார்புரேட்டரில் பெரிய ஜெட்டுக்கு 600, புது பிளக்குக்கு 250 என்று மேலும் கொடுத்துவிட்டு வந்தேன். கழற்றிய பிளக்கை அவர் என்னிடம் காட்டவில்லை, டப்பாவில் போட்டுவிட்டார். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

போகும்போது மூடியைத் திறந்து கிட்டின் தட்டை ஸ்குரூடிரைவரால் ஒரு தட்டுத் தட்டி, "லேசாப் பின்னால தள்ளியிருக்கேன்" என்றார். எவ்வளவு லேசாக? ஸ்பார்க் நேரத்தைத் தீர்மானிக்கும் தண்டு கிராங்கின் (பிஸ்டன் சுற்றும் முக்கியத் தண்டின்) பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. தட்டில் 1 டிகிரி நகர்ந்தால் கிராங்கில் 2 டிகிரி. கண் அளவில் தட்டி வைக்கிற வேலை இல்லை இது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் வழியாகச் சிறுமலைக்குப் போனேன். 18 கொண்டை ஊசி வளைவில் பாதிகூட ஏறியிருக்க மாட்டோம். உளுந்துச் சத்தம் விடாமல் கேட்டது, அப்புறம் பளிச்சென்று நின்றது, வண்டி இழுவை விட்டது. மிதித்தால் கிக்கரில் கம்ப்ரஷனே இல்லை. எண்ணெய் புகைந்த வாடை. குட்டியானை பிடித்து, 3,500 வாடகை கொடுத்து வண்டியை மதுரைக்குக் கொண்டுவந்தோம்.

இந்த முறை தெப்பக்குளம் பக்கம் ஒரு வயதான பாயிடம் இறக்கினேன். அப்பா காலத்தில் எங்கள் வண்டியைப் பார்த்தவர். அவர் முதலில் ஹெட்டைத் தொடவில்லை. பிளக்கைக் கழற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க பாருங்க தம்பி" என்று என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளைப் பீங்கான்மேல் பொடிப்பொடியாக வெள்ளிப் புள்ளிகள், கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். "இது பூரா பிஸ்டன்" என்றார்.

ஹெட்டைத் தூக்கினால் பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், பிஸ்டனின் கலவை அதற்கு முன்பே இளகிவிடும்.

அப்புறம் பாய் பாயிண்ட் மூடியைத் திறந்தார். உள்ளே பாயிண்ட் இல்லை, அதன் இடத்தில் புதுத் தட்டு. முன்பு பாயிண்டைத் திறந்து மூடிய பழைய கேம்மேல் ஒரு காந்த வளையம் மாட்டியிருந்தது. அதை விரலால் பிடித்துத் திருப்பினார். திரும்பியது. விட்டார். ஸ்பிரிங் இழுத்து மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. என்னையும் செய்து பார்க்கச் சொன்னார்.

வேகம் கூடினால் பிஸ்டன் சீக்கிரம் மேலே வந்துவிடும், ஆனால் பெட்ரோல் எரிய ஆகும் நேரம் அதே அளவுக்குக் குறையாது. அதனால் வேகம் ஏற ஏற ஸ்பார்க்கை முன்கூட்டியே அடிக்க வேண்டும். பழைய அமைப்பில் அதைச் செய்வது பாயிண்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு எடைகள். சுற்றும்போது அவை விரிந்து கேம்மைத் திருப்பும். வளையம் விரலுக்குத் திரும்பியதே அந்த எடைகளைப் பூட்டாமல் விட்டதால்தான். எனக்கு மாட்டிய கிட்டில் அந்த வேலையை அதோடு வந்த கறுப்புப் பெட்டியே செய்துவிடுகிறது. எடையும் முன்னால் தள்ளுகிறது, பெட்டியும் முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து அடி விழுகிறது.

கிளம்பும்போதும் ஐட்லிங்கிலும் இரண்டுமே சும்மா இருக்கும். புத்தகத்தில் சொன்னபடி பிஸ்டன் உச்சியைத் தொட 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது ஸ்பார்க் என்று ஒர்க்‌ஷாப்காரர் வைத்ததும் சரியாகத்தான் இருந்திருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

புது பிஸ்டன் போட்டபின் பாய் தன் மகனை விட்டு ஸ்ட்ரோப் லைட் கொண்டுவரச் சொன்னார், ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னி டைமிங்கைக் காட்டும் விளக்கு அது. ரோட்டரில் டிகிரி வட்டை ஒட்டி, லோடு இல்லாமல் சில நொடிகள் மட்டும் முறுக்கிப் பார்த்தோம். ஐட்லிங்கில் உச்சிக்கு 10 டிகிரி முன்னால் ஸ்பார்க். 3,000 ஆர்பிஎம்மில் 54. எடைகளை அசையாமல் பூட்டி, மறுபடி பார்த்தபோது அதே 3,000-இல் 33. அந்த 54-ஐ விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதே கிட்டை விற்கும் ஒரு ஸ்பேர் கடைக்குப் போய் டப்பாவைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். நான்காக மடித்த ஒரு தாள் உள்ளே இருந்தது. மூன்றாவது வரியிலேயே எழுதியிருக்கிறது: மெக்கானிக்கல் அட்வான்ஸைப் (அந்த எடைகளைத்தான் சொல்கிறது) பூட்டிய பிறகே பொருத்தவும். அந்தத் தாள் என் கைக்கு வரவே இல்லை. பாயிண்டுக்குப் பதிலாக மட்டும் வரும் வேறு வகைக் கிட்களும் உண்டு, அவற்றுக்கு எடைகள் வேலை செய்தே ஆக வேண்டும். எது எந்த வகை என்பது தாளைப் படித்தால்தான் தெரியும்.

தாளோடும் ஓட்டை பிஸ்டனோடும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "மலையில ரெண்டு பேரு ஏறுனா பழைய வண்டி தாங்காதுண்ணே" என்றார். பில்லில் 500 போட்ட மெஷினைக் காட்டுங்கள் என்றேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மல்டிமீட்டரை எடுத்து வைத்தார். அதை வைத்து வோல்டேஜ் பார்க்கலாம், டைமிங் பார்க்க முடியாது. எங்கள் பழைய பாயிண்ட் தட்டையாவது கொடுங்கள் என்றேன், குப்பையில் போட்டாகிவிட்டது என்றார். அப்பா வாங்கிய நாளிலிருந்து வண்டியில் இருந்தது அது. பணம் போனதைவிட அது எனக்கு வலித்தது.

சிலிண்டர் போரிங், பிஸ்டன், கூலி எல்லாம் சேர்த்து 14,200 ஆனது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கத் தயாராகிவருகிறேன். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் 1915-க்குப் போன் செய்து கேட்கலாம். அந்த வெள்ளைத்தாள் பில்லைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். வாசலில் இன்னும் மூன்று புல்லட்டில் அதே கறுப்புப் பெட்டி. அவற்றில் ஒன்று உங்களுடையதாக இருந்தால், இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, பாயிண்ட் மூடியைக் கழற்றி, காந்த வளையத்தை விரலால் திருப்பிப் பாருங்கள். திரும்பி, ஸ்பிரிங்கில் மறுபடி பழைய இடத்துக்கு வந்தால், உங்கள் கிட்டின் தாளைப் பார்க்கும்வரை அந்த வண்டியை மேட்டில் ஏற்றாதீர்கள்.