தண்டையார்பேட்டை போர்ஷன் வீட்டுக்கு இன்வெர்ட்டரா, பவர் ஸ்டேஷனா?

வாடகை போர்ஷனில் இருப்பவர் என்னைக் கேட்டால், கையில் தூக்கிப்போகும் லித்தியம் பவர் ஸ்டேஷனைத்தான் சொல்வேன்; கரண்ட் போனால் ஃபேன், லைட்டை நேராகச் சொருகி ஓட்டும் பேட்டரிப் பெட்டி அது. தண்டையார்பேட்டையில் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம். இன்வெர்ட்டரையும் விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் 500 வாட்-அவர் (50 வாட் சாமானைக் கணக்குக்குப் பத்து மணி நேரம் ஓட்டும்) அளவில் பவர் ஸ்டேஷன் ஒன்றை வாங்கினோம்.

காசுக்கு எவ்வளவு கரண்ட் என்று மட்டும் பார்த்தால் இன்வெர்ட்டர்தான் ஜெயிக்கும். இன்வெர்ட்டரோடு மாட்டும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி (ஆசிட் ஊற்றிய ஈய பேட்டரி) என்றால் கணக்குக்கு 1800 வாட்-அவர். அந்த அளவுக்கு பவர் ஸ்டேஷன் வாங்கப் போனால் விலை எங்கேயோ போய் நிற்கும். பேட்டரி செத்தாலும் உள்ளே ஈயம் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் கழித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் காய்லாங்கடையிலாவது காசு வரும். பெட்ரோல் ஜெனரேட்டர் பேச்சே வேண்டாம். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய வீட்டுக்குள் ஓட்டினால் ஆளையே கொன்றுவிடும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது, இன்வெர்ட்டர் பேட்டரியை எங்கே வைப்பது என்ற கேள்வி. டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்குக் குறையாது. உள்ளே ஆசிட். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்க ஒரு பொறி போதும். காற்றோட்டமான மாடிப்படி அடியோ வராண்டாவோ இருந்தால் கவலையில்லை. எங்களுக்கு ஓர் அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். அளவு பார்க்க வந்த கடைப் பையன் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு அடுப்பு மேடைக்குக் கீழே கையைக் காட்டினான். பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர்! அங்கேயே அந்தப் பேச்சு முடிந்தது.

பராமரிப்பும் அந்த இடத்தைப் பொறுத்ததுதான். காசிமேட்டில் அக்கா வீட்டில் பேட்டரி கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கிறது. உப்புக்காற்று வேறு, டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். துடைத்து வாசலின் தடவ வேண்டும், தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை இறங்கினால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். சந்துக்குள் கை நுழையாததால் யாரும் செய்வதில்லை. குழந்தைகள் அந்தப் பக்கம் போனால் மட்டும், "ஏய், ஆசிட்டுடா, இப்படி வா" என்று அக்கா சத்தம் போடுவாள்.

அப்புறம் மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது, கரண்டும் இல்லை. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறும் நேரத்தில் ஐம்பது கிலோவை யார் தூக்குவது? எங்களுடையது ஏழு கிலோ சொச்சம். பரணில் ஏற்றிவிடலாம்.

அதற்காக இது ஆபத்தே இல்லாத பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்கும்போது லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் செல்தானா என்று கேளுங்கள். நிக்கல் கலந்த வகையைவிடச் சூடு தாங்கும். மெத்தைமேல் வைத்தோ துணி போட்டு மூடியோ சார்ஜ் செய்யக் கூடாது. விசிறித் துளைக்கு ஒரு சாண் இடமாவது விட வேண்டும். மே மாத மதியத்தில் ஷீட் கூரையின்கீழ் சார்ஜ் போட வேண்டாம். தண்ணீரில் நனைந்துவிட்டால், காய்ந்த பிறகும் ஆன் செய்யக் கூடாது.

எல்லாவற்றிலும் மோசமானது, இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயரால் பவர் ஸ்டேஷனைச் சுவர் பிளக்கில் சொருகி வீடு முழுக்க லைட் எரிய வைக்கும் வித்தை. மெயினை அணைக்காமல் விட்டால் அந்தக் கரண்ட் தெரு லைனுக்குப் போகும்; டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறினால் 11,000 வோல்ட். கரண்ட் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் கதி என்ன? தெரு கரண்ட் திரும்ப வந்தால் உங்கள் பெட்டியும் போச்சு. ஃபேனோ லைட்டோ, நேராக அந்தப் பெட்டியில்தான் சொருக வேண்டும்.

இந்தப் பெட்டியால் எவ்வளவு முடியும்? நஷ்டம் போக 425 வாட்-அவர் கிடைக்கிறது என்று வையுங்கள். கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி டேபிள் ஃபேன், ஓர் எல்இடி விளக்கு, வைஃபை பெட்டி எல்லாம் சேர்ந்து 50 வாட், இரவு ஓடிவிடும். பழைய 75 வாட் ஃபேன் என்றால் பாதி ராத்திரியில் வியர்க்கும். அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு நினைக்கவே வேண்டாம். வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் மெஷினில்) இருப்பவர் உண்டென்றால் இந்த அளவு போதவே போதாது. அது 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஒன்றேகால் மணி நேரம் தாங்கினால் அதிகம். அவர்களும், சொந்த வீட்டில் மாடிப்படி அடியில் இடம் உள்ளவர்களும் இன்வெர்ட்டரையே போடலாம்.

மூவாயிரம் தடவை சார்ஜ் செய்யலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. எங்களுடையது ஒரு கோடையைத்தான் பார்த்திருக்கிறது, அதனால் ஆயுளைப் பற்றி நான் சத்தியம் செய்ய மாட்டேன். இன்வெர்ட்டர் கெட்டால் தெருமுனை எலக்ட்ரீஷியனே கழற்றிப் பார்ப்பார். இதை அவர் தொட மாட்டார். கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் காய்லாங்கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.